தலையில் நான்கு, வாலில் நான்கு

அத்தியாயம் 14

திங்கள் மதியம் ஒரு மணி, நோட்டரி அலுவலகம், பணம் கையில். பெரியப்பாவின் மனைவி சுஹைலா இந்த மூன்றையும் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து ருவைதா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தத் திங்கள் வந்தேவிட்டது.

சைதா என்ற கடலோர ஊரின் பழைய நகரத்தில் அவர்கள் குடியிருந்த மாடிவீடு, அவள் அப்பா ரஃபீக் குவைத்தில் இருபது வருடம் வாத்தியாராக இருந்து அனுப்பிய சம்பளத்தில் எழுந்தது. சம்பாதித்தவர் அங்கே இருந்தார், பத்திரம் எழுதியவர் இங்கே இருந்தார். வீடு ரஃபீக்கின் அண்ணன் பெயரில் பதிவாகிவிட்டது. அண்ணன் உயிரோடு இருந்தவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அவர் இல்லை. சுஹைலா வியாழக்கிழமை விமானம் ஏறி மகனோடு இருக்க மான்ட்ரியால் போகிறாள். நாற்பதாயிரம் டாலர் கொடுத்து வீட்டை வாங்கி இடித்துக் கட்ட ஒரு கான்ட்ராக்டர் காத்திருந்தான். உங்களுக்கென்றால் இருபத்தைந்தாயிரம் என்று சுஹைலா இறங்கி வந்தது, அவளிடம் மிச்சமிருந்த கூச்சத்தால்தான்.

அந்த இருபத்தைந்தாயிரமும் ருவைதாவின் போனில் இருந்தது.

வங்கி என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. ரஃபீக்கின் சேமிப்பு முழுவதும் பல வருடங்களாக வங்கியில் இருக்கிறது. இருக்கிறது என்பதோடு சரி, நாட்டில் வங்கிகள் முடங்கியதிலிருந்து எடுக்க முடியாது. அதனால் வெளிநாட்டில், அபிஜானில் கடை வைத்திருக்கும் அண்ணன் முன்ஸிர் மாதாமாதம் அனுப்பியதும், மருந்துக்கடைச் சம்பளத்தில் ருவைதா மிச்சம் பிடித்ததும் டிஜிட்டல் டாலராகவே அவள் போனில் இருந்த வாலட்டில் சேர்ந்தன. கடைசியில் மூவாயிரம் குறைந்தது. தங்கை தீமா தன் நிச்சயதார்த்த வளையல்கள் ஆறையும் போன வாரம் கழற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது இன்னும் தெரியாது.

இன்னொரு விஷயமும் அந்தத் திங்களுக்காகக் காத்திருந்தது. டிஜிட்டல் டாலரை வாங்கிக்கொண்டு நோட்டாகத் தருகிற லபீப், சந்தையில் செல்போன் கடை வைத்திருப்பவன், மனைவியை இழந்தவன், இரண்டு வாரத்துக்கு முன் இனிப்புப் பெட்டியோடு வந்து ரஃபீக்கிடம் ருவைதாவைக் கேட்டிருந்தான். முப்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு கேள்வி தன்னைத் தேடி மாடி ஏறி வருமென்று அவள் நினைத்திருக்கவில்லை. "வீடு கையெழுத்தாகட்டும். அன்னைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லப் போகும் பதில் என்ன என்பதில் அவளுக்கு அப்போதே சந்தேகம் இருக்கவில்லை.

அன்று காலை அவள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் தீமா வெள்ளரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"கையெழுத்துப் போடப் போறதுக்கு நோட்டரி இவ்வளவு அழகை எதிர்பார்க்கமாட்டாரே."

"நறுக்கற வேலையைப் பாரு."

"லபீப் பாவம். ஆயிரத்தை ஆயிரத்து நூறா எண்ணிக் குடுத்துடப் போறான்."

ரஃபீக் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்தார். ஆனால் தேய்த்த ஷூவையே மறுபடி தேய்த்தார்.

வேலை இப்படித்தான் நடக்கும். கடையில் அவ்வளவு நோட்டை வைத்திருக்க இப்போது யாருக்கும் தைரியமில்லை. முதலில் போனில் பணம் வந்து சேர வேண்டும். வந்த பிறகு லபீப் சந்தைக்குள் நான்கு கடை ஏறி இறங்கி நோட்டைச் சேர்ப்பான். அதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். பத்து மணிக்கு அனுப்பினால் பன்னிரண்டரைக்குக் கட்டு கையில் இருக்கும், ஒரு மணிக்கு நோட்டரி முன்னால் உட்காரலாம்.

ருவைதா அவசரக்காரி இல்லை. மருந்துக்கடையில் பதினாறு வருடம், சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை. இந்தப் பணம் ஒரு முறை போனால் போனதுதான், திருப்பித் தரச் சொல்ல வங்கியும் இல்லை, மேனேஜரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முதலில் லபீப் முன்பு அனுப்பியிருந்த செய்தியைத் தேடி எடுத்தாள். அதிலிருந்து அவனுடைய வாலட் முகவரியை எடுத்து ஒட்டி, பத்தே பத்து டாலர் அனுப்பினாள்.

ஒரு நிமிஷத்தில் லபீப் கூப்பிட்டான். எப்போதும் போல மரியாதைக்கு 'ஸித்' சேர்த்துத்தான் பேசினான்.

"வந்துடுச்சு, ஸித் ருவைதா. பத்து. மீதியை இதே மாதிரி அனுப்பிடுங்க." கொஞ்சம் தயங்கினான். "சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடலாம்னு இருக்கேன்."

"மூடுங்க" என்றாள். அதற்கே முகம் சூடானது.

அந்த நேரம் பார்த்து அரசாங்க மின்சாரம் போயிற்று. தெரு ஜெனரேட்டர்காரன் எழுந்து வந்து மாற்றிவிடும் வரை வீட்டு இன்டர்நெட்டும் கிடையாது. அந்தக் கல்சுவர்களுக்குள் போனின் சொந்த சிக்னலும் எட்டாது. ரஃபீக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தூங்கறதுக்கு மாசச் சந்தா வாங்கறானா என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். தெருவில் யாரோ, அவன் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் இருக்கிறான் என்று பதில் சொன்னார்கள். எட்டு நிமிஷம் ஆயிற்று.

விளக்கு வந்ததும் ருவைதா வாலட்டைத் திறந்தாள். பழைய செய்தியை மறுபடி எதற்குத் தேட வேண்டும், இப்போதுதானே அனுப்பினோம் என்று நினைத்தாள். அனுப்பியவற்றின் பட்டியல் கண்ணெதிரே இருந்தது. மேலே இருந்த வரியைத் தொட்டு, அதிலிருந்த முகவரியை எடுத்து ஒட்டினாள்.

"தலை வால் பார்த்தியா?" என்றாள் தீமா.

அது லபீப் தெரு முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாடம். முப்பத்து நான்கு எழுத்தும் எண்ணுமாக நீளும் முகவரியை யாரால் படிக்க முடியும்? தலையில் நான்கு, வாலில் நான்கு, இரண்டும் சரியென்றால் எல்லாம் சரி. ரொட்டிக் கடைக்காரன் முதல் பள்ளி ஆசிரியை வரை அப்படித்தான் பார்ப்பார்கள். தீமா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த லபீபின் கார்டுக்கு முன்னால் போய் நின்று, வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல் படித்தாள்.

"டி, கே, ஏழு, எம்."

"சரி."

"ஒன்பது, எக்ஸ், ஆர், ரெண்டு."

"சரி."

முழு முகவரியும் அந்தக் கார்டில்தான் இருந்தது. நடுவில் இருந்த இருபத்தாறு எழுத்துகளை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ருவைதா மனதுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

பத்தே காலுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. பத்தரைக்கு லபீப்தான் கூப்பிட்டான், அனுப்ப ஏதாவது தடங்கலா என்று கேட்டு. அனுப்பி இருபது நிமிஷம் ஆகிறது, பச்சை டிக் விழுந்துவிட்டது என்று ருவைதா சொன்னாள்.

"ஸித் ருவைதா, எனக்கு வரல. நீங்க எதுவும் தொடாதீங்க. போனோட கடைக்கு வாங்க."

சந்தைக்குப் போகும் குறுக்குச் சந்தில் இரண்டு பெண்களும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மீன்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கல்தரையில் ருவைதாவின் செருப்பு இரண்டு முறை வழுக்கியது. தீமா பிடித்துக்கொண்டாள்.

லபீப் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். அவள் போனை வாங்கி மேசையில் வைத்து, பக்கத்தில் தன் கார்டு ஒன்றை வைத்தான். பிறகு கேட்டான்.

"அஞ்சாவது எழுத்து என்ன இருக்கு?"

ருவைதா எண்ணினாள். "மூணு."

அவன் கார்டைத் திருப்பிக் காட்டினான். அங்கே 'பி' என்று இருந்தது. ஆறாவது வேறு, ஏழாவது வேறு. கடைசி நான்கு வரும்வரை எதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

"இது நான் இல்ல" என்றான் லபீப், மெல்ல.

பட்டியலை மேலும் கீழும் தள்ளிக் காட்டினான். காலையில் அனுப்பிய பத்து டாலர் இரண்டாவது வரியில் இருந்தது. அதற்கு மேலே, அவர்கள் மின்சாரத்துக்குக் காத்திருந்த எட்டு நிமிஷத்துக்குள், இன்னொரு வரி வந்து உட்கார்ந்திருந்தது. தொகை பூஜ்யம். அதை ருவைதா அனுப்பவில்லை. யார் யாருக்குப் பணம் போகிறது என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு, அதை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்கிற ப்ரோக்ராம்கள் உண்டு என்று அவன் சொன்னான். தொகை பூஜ்யம் என்றால், அனுப்புகிறவரின் சம்மதம் இல்லாமலே அவர் பட்டியலில் யாரும் ஒரு வரியைப் பதிந்துவிடலாமாம். லபீபின் முகவரிக்குத் தலையும் வாலும் பொருந்துகிற மாதிரி எவனோ ஒருவன் ஒரு முகவரியைத் தயாரித்து வைத்திருக்கிறான். லபீபுக்குச் சோதனைப் பணம் அனுப்புகிறவர்களின் பட்டியலில் அதைச் சொருகிவிட்டு, அடுத்ததை அவர்களே எடுத்து ஒட்டட்டும் என்று காத்திருக்கிறான்.

"வாலட்டை உடைக்கலையா? என் பாஸ்வேர்டைத் திருடலையா?" என்று கேட்டாள் ருவைதா.

"ஒண்ணும் பண்ணல. நீங்களாக் குடுக்கற வரைக்கும் சும்மா இருந்திருக்கான்."

அவன் தன் கம்ப்யூட்டரில் அந்தப் போலி முகவரியைத் தட்டினான். இருபத்தைந்தாயிரம் அதில் வந்து விழுந்த நேரம் தெரிந்தது. நான்கு நிமிஷத்தில் அங்கிருந்து கிளம்பிய நேரம் தெரிந்தது. ஐந்து துண்டாகி, ஐந்து வெவ்வேறு முகவரிகளுக்குப் போனதும் அப்படியே தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு மறுபடி நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ தன் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பது போல இருந்தது ருவைதாவுக்கு. லபீப் அந்த டாலரை வெளியிடும் கம்பெனிக்கு அங்கேயே புகார் எழுதி அனுப்பினான். பிறகு, நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் அவனே சொன்னான்.

தீமா அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"டி கே ஏழு எம், ஒன்பது எக்ஸ் ஆர் ரெண்டு. உன் கார்டைப் பார்த்துப் படிச்சவ நான். அச்சு அசலா உன்னோடது. இப்ப வந்து நான் இல்லேங்கறே. இன்னொரு வாலட் உனக்கு இருக்காதுன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நம்ப வைக்கறதுக்கு என்கிட்ட எதுவும் இல்ல" என்றான் லபீப். அவன் ருவைதாவைப் பார்த்துத்தான் சொன்னான். "தப்புல எனக்கும் பங்கு இருக்கு. தலை வால்னு ஊருக்கெல்லாம் சொன்னது நான்தான். முழுசாப் படின்னு சொன்னா யாரும் படிக்கமாட்டாங்கன்னு சுருக்கினேன். வாலட்டுக்குள்ளயே பேர் போட்டு முகவரியைச் சேமிச்சு வைக்க இடம் இருக்கு. ஒரு தடவை சரியா வெச்சுட்டா, எப்பவும் அந்தப் பேரைத் தொட்டு அனுப்பினாப் போதும். பட்டியல்லேருந்து எடுக்கவே வேண்டாம். அதைச் சொல்லிக் குடுத்திருக்கணும். சொல்லல."

"ஒத்துக்கறான், கேட்டியா?" என்றாள் தீமா அக்காவிடம்.

லபீப் மேசையில் இருந்த கார்டுகளை அடுக்கினான். கலைத்தான். மறுபடி அடுக்கினான்.

"அந்தப் பணத்தை நான் தர்றேன். ஒரு மணிக்குள்ள முடியாது. மூணு மணிக்குள்ள சேர்த்துடுவேன்."

"வேண்டாம்" என்றாள் ருவைதா. அது யோசிக்காமலே வந்தது.

வெளியே வந்ததும் தீமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எடுக்காதவன் எதற்குத் தருகிறேன் என்கிறான் என்று கேட்டாள். ருவைதா பயந்ததும் அதைத்தான். அவன் பணத்தை அவர்கள் தொட்டால் சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்க இதே கேள்வியைக் கேட்கும். பதில் சொல்ல அவனுக்கு வாய் இருக்காது.

அதற்குள் தீமா அண்ணனுக்குச் செய்தி அனுப்பிவிட்டிருந்தாள். முன்ஸிரின் குரல்செய்தி அபிஜானிலிருந்து வந்தது, பின்னால் லாரி ஹாரன்களோடு. போலீஸில் லபீப் பெயரைக் கொடுத்துப் புகார் எழுத வேண்டும், தனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் இருக்கிறார், இன்றே கடையை சீல் வைக்கச் சொல்கிறேன் என்றான். கடைசியில் குரல் உடைந்தது. "உன்னை நான் ஒண்ணும் சொல்லல, ருவைதா. நீ எவ்வளவு ஜாக்கிரதைக்காரின்னு எனக்குத் தெரியாதா. உன்னையே ஏமாத்தியிருக்கான்னா அவன் எவ்வளவு பெரிய திருடனா இருப்பான்."

ருவைதா ஆரஞ்சுக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்று அதை இரண்டு முறை கேட்டாள்.

எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம். பொய் சொல்லக்கூட வேண்டாம், வாய் திறக்காமல் இருந்தால் போதும். வீடு போகும். ஆனால் அவள் ஏமாற்றப்பட்டவளாக இருப்பாள், தொலைத்தவளாக அல்ல. அண்ணனின் இரண்டு வருட உழைப்பும் தங்கையின் வளையலும் தன் கையிலிருந்து போகவில்லை, வேறொருவன் பறித்தான் என்று மிச்ச வாழ்நாளைக் கழித்துவிடலாம்.

அவள் பதிவு பொத்தானை அழுத்தினாள்.

"முன்ஸிர், அது லபீபோட முகவரி இல்ல. கார்டையும் போனையும் பக்கத்துல வெச்சு நானே பார்த்துட்டேன். பூஜ்யம்னு போட்டிருந்த வரியை நான் கவனிக்கல. மேல இருந்ததை எடுத்தேன், நடுவுல பார்க்காம அனுப்பினேன். புகார் எழுதறதுன்னா எழுது. திருடன் யாருன்னு தெரியாதுன்னு எழுது. பணத்தை அனுப்பினது யாருன்னு கேட்டா என் பேரை எழுது."

இரண்டு நீல டிக் விழுந்தன. தீமா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

நோட்டரி அலுவலகத்தில் சுஹைலா ஒரு மணிக்கு முன்பே வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ருவைதா தனியாக வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். முகவரி, தலை, வால், பூஜ்யம், இதில் எவ்வளவு அவளுக்கு விளங்கியது என்று தெரியவில்லை. பணம் இல்லை என்பது விளங்கியது.

"வியாழக்கிழமை வரைக்கும்…" என்று தொடங்கினாள் ருவைதா.

"வியாழக்கிழமை நான் ஏர்போர்ட்ல இருப்பேன், கண்ணு." சுஹைலா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டாள். "என் புருஷன் உங்கப்பாவுக்குச் செஞ்சது எனக்குத் தெரியும். முப்பது வருஷமா அந்த மாடிப்படியில உங்கப்பா எனக்கு ஸலாம் சொல்றப்பல்லாம் தெரியும். அதைச் சரி பண்ணலாம்னுதான் பதினஞ்சாயிரத்தை விட்டேன். சும்மாக் குடுத்துச் சரி பண்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல. மகன் வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியாது."

ருவைதாவால் அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

"கான்ட்ராக்டரை நாலு மணிக்கு வரச் சொல்லிடறேன்" என்றாள் சுஹைலா. "அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

கால்போன போக்கில் நடந்துவிட்டு மூன்று மணிக்கு ருவைதா வீடு வந்து சேர்ந்தபோது காலையில் நறுக்கிய வெள்ளரிக்காய் தட்டில் காய்ந்து கிடந்தது. தீமா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஜவாதின் அம்மா வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிறாராம். இப்போதுதான் போன் வந்ததாம். கையில் வளையல் எங்கே என்று கேட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தீமா கேட்டாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. குற்றம் சாட்டியிருந்தால் ருவைதாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பாபா எங்கே?"

"வெளிய போயிட்டார்."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"நீ முன்ஸிருக்குச் சொன்ன வரைக்கும் சொன்னேன். ஒண்ணும் கேக்கல. வங்கி வாசலுக்குப் போயிட்டு வர்ற நாள்ல இருப்பாரே, அந்த மாதிரி இருந்தார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார்." தீமா நிமிர்ந்து பார்த்தாள். "லபீப் தர்றேன்னு சொன்னானான்னு."

"நீ என்ன சொன்னே?"

"சொன்னான், ருவைதாதான் வேண்டாம்னுட்டாள்னு சொன்னேன். டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டார்."

ருவைதா அப்பாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. லபீபுக்குச் செய்தாள். அவனும் எடுக்கவில்லை. இரண்டு போனும் மாறி மாறி அடித்து ஓய்ந்தன. கிளம்பிவிடலாம் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, நான்கு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கையில், சுஹைலாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது சுஹைலா இல்லை.

"ருவைதா, நான் நோட்டரி ஆபீஸ்ல இருக்கேன்" என்றார் ரஃபீக். வகுப்பில் பாடம் எடுக்கிற குரல். "லபீப் கூட இருக்கான். பணம் இருக்கு. கடன் இல்ல. நான் யார்கிட்டயாவது கடன் கேட்டுப் பார்த்திருக்கியா?"

"பின்ன என்ன பாபா அது?"

"உன் மஹர்."

ருவைதா ஒரு செருப்போடு நின்றாள்.

"அவன் உன்னைக் கேட்டான். நீயும் சம்மதிக்கத்தான் போறே, எனக்குக் கண் தெரியாதா? மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்கற மஹரை யாரும் திருட்டுப் பணம்னு சொல்லமாட்டாங்க. அவன் பேரும் கெடாது, வீடும் போகாது. பத்திரம் உன் பேர்ல. இந்தத் தடவை சரியான பேர்ல. நான்தான் போய்ச் சொன்னேன். இதை அவனாக் கேக்கல."

"என்னைக் கேக்காமலா சொன்னீங்க?"

"இப்பக் கேக்கறேன்ல." குரலில் இருந்த வாத்தியார் காணாமல் போனார். "அவன் என் கையில குடுக்கமாட்டேங்கறான். உன் வாயால கேக்கணுமாம். சொல்லிடும்மா. எனக்கு எழுபத்தாறு வயசு. இன்னொரு வீட்டுல மாடிப்படி எத்தனைன்னு எண்ணிப் பழக என்னால முடியாது."

அவள் லபீபிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவன் போனோடு வராந்தாவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஸித் ருவைதா."

"நான் வேண்டாம்னு சொன்னேனே."

"உஸ்தாத் கடை வாசல்ல வந்து நின்னார். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தவர். அவர்கிட்ட இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுங்க. இல்லேன்னு சொன்னீங்கன்னா பணத்தை எடுத்துக்கிட்டு எழுந்து போயிடறேன். அப்புறமும் நான் எதுவும் நினைக்கமாட்டேன்."

"ஆமான்னு சொன்னா?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சொன்னீங்கன்னா, எதுக்காகச் சொன்னீங்கன்னு சாகற வரைக்கும் எனக்குத் தெரியாமலே போயிடும்."

ருவைதா இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம், கடை மூடிய பிறகு, கடற்கரைச் சாலையில் நடந்தபடி சொல்ல வேண்டும் என்று அவள் இரண்டு வாரமாக மனதுக்குள் வைத்திருந்த வார்த்தைதான் அது. எதற்காகச் சொல்கிறேன் என்று இன்று காலை அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அவளுக்கும் தெரியவில்லை.

மறுமுனையில் படியேறி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. தடித்த குரல் ஒன்று எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, தாமதமாகிவிடக் கூடாதென்று முன்னாலேயே வந்துவிட்டேன் என்றது. நாற்காலி இழுபட்டது.

"கான்ட்ராக்டர் வந்துட்டார்" என்றான் லபீப். "உங்க பெரியம்மா பேனாவை எடுத்துட்டாங்க. பத்திரத்துல யார் பேரை எழுதச் சொல்லணும்?"